இடித்த வீட்டுத் தூண்களை ஃப்ளாட்டில் நிறுத்தலாமா?

மூன்றாம்மாடி:
சென்னை பெரும்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கியிருக்கிறோம். அடுத்த மாதம் உள்வேலை தொடங்குகிறது. எங்கள் கட்டடத்தில் இதுவரை குடிவந்தவர்கள் வீடெல்லாம் ஒரே அச்சு. சாம்பல் நிற சோஃபா, டிவி சுவரில் பளிங்கு மாதிரி ஒரு பலகை, ஃபால்ஸ் சீலிங்கில் ஒளிரும் கோடு. என் வீடு அப்படி இருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

போன வாரம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றினோம். ஒரு கடையில் ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு தேக்குத் தூண்கள், போதிகையோடு (தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் செதுக்கிய கட்டை) இருந்தன. கையை வைத்தால் எடுக்க மனம் வரவில்லை. ஹாலுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் அவற்றை நிறுத்தி, தரைக்கு ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டில் கையால் செய்யும் பூவேலைத் தரைக்கல்) போட்டு, ஜன்னல் ஓரம் ஓர் ஊஞ்சல் மாட்டலாம் என்று திட்டம். கடைக்காரர் ஞாயிறு வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றார். இடிந்த வீட்டுப் பொருளுக்கு இன்னொரு வீடு கொடுப்பது நல்ல காரியம் என்பதே என் எண்ணம். தவறு என்று நினைப்பவர்கள் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அப்பத்தாவீடு:
தவறு என்றுதான் நினைக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் வீடு தேவகோட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. என் கொள்ளுத்தாத்தா பர்மாவில் கொண்டுவிற்று, அதாவது தொழில் செய்து, அங்கிருந்தே தேக்கை இறக்கிக் கட்டிய வீடு. அப்பச்சி காலத்தில் ஆறு பங்காளிகள். விற்கும்போது பதினேழு பேர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. முழு வீடாக வாங்க ஆள் வரவில்லை. பிரித்து விற்றால் ஒவ்வொன்றுக்கும் ஆள் இருந்தது. நிலைக்கு ஒருவர், தூணுக்கு ஒருவர், பெல்ஜியம் கண்ணாடிக்கு ஒருவர், உத்தரத்துக்கு ஒருவர். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு மரத்திலும் நீலப் பெயிண்ட்டில் எண் போட்டார்கள். வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் இடத்தில், கிழக்கு வரிசை மூன்றாவது தூணில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மரம் கறுத்து மின்னும். அப்பத்தா தினமும் அங்கேதான் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் தலை எண்ணெய் நாற்பது வருடமாக ஏறிய இடம் அது. அதன் மேலேயும் ஓர் எண் போட்டிருந்தார்கள்.

இடிந்த வீட்டுப் பொருளைக் காப்பாற்றுகிறோம் என்கிறீர்கள். வீடு தானாக இடிவதில்லை. தூணுக்குச் சென்னையில் விலை இருப்பதால்தான் முழு வீட்டைவிடத் துண்டு வீடு மதிப்பாகிறது. நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த வீட்டின் கணக்கில் போய் உட்காரும். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அதற்குப் பிறகும் லாரி நிற்கவில்லை.

மதுரைக்கட்டுமானம்:
சகோதரி சொல்வது புரிகிறது. முப்பது வருடமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன், பழைய வீடுகளைப் பிரிக்கும் இடத்திலும் நின்றிருக்கிறேன். அதனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

வாங்க ஆள் இல்லாத தூண் தூணாகவே இருந்துவிடாது. ரம்பப் பட்டறைக்குப் போய்ப் பலகையாகி, சமையலறை அலமாரிக் கதவாகும். செதுக்கிய போதிகையை நடுவில் அறுத்துச் சட்டம் எடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீடு இடிவதற்குக் காரணம் பங்கு, வரி, ஒழுகும் ஓடு, ஊரில் ஆள் இல்லாமை. தூண் வாங்குகிறவர் மேல் அந்தப் பழியைப் போட முடியாது.

சரி, மூன்றாம்மாடிக்கு வேலை சம்பந்தமாகச் சில விஷயங்கள். எட்டு அடி உயரம், எட்டங்குல விட்டமுள்ள தேக்குத் தூண் ஏறக்குறைய 50 கிலோ. அதனால் தளத்துக்கு ஒன்றும் ஆகாது. தூணுக்குக் கீழே அடிக்கல் வைத்தால் அதுதான் கனம், ஒரு கனஅடி கருங்கல் 75 கிலோ வரும். ஆத்தங்குடிக் கல் முக்கால் அங்குலத்துக்குக் குறையாத தடிமன். கீழே போடும் கலவையோடு சேர்த்தால் சதுர மீட்டருக்கு 125 கிலோவைத் தொடும். குடியிருப்புத் தளத்தில் மனிதர்களுக்கும் சாமான்களுக்குமாக கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 வைத்திருக்கும் கணக்கே சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோதான். ஆகவே இருக்கிற டைல்ஸை அதன் கலவையோடு பெயர்த்துவிட்டுத்தான் போட வேண்டும், மேலேயே போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தரை உயர்ந்தால் கதவு இடிக்கும், அதனால் கதவுகளின் கீழ்விளிம்பையும் அளந்துகொள்ளுங்கள்.

ஊஞ்சலுக்கு விரிவடையும் போல்ட்டை வெறும் தளத்தில் அடிக்கவே கூடாது. மூன்று பேர் உட்கார்ந்து ஆடினால் இழுப்பு இன்னும் கூடும். கொக்கி பீமில் வர வேண்டும். போஸ்ட் டென்ஷன் தளமாக இருந்தால், உள்ளே இழுத்துக் கட்டிய கம்பி இருக்கும். பில்டரின் வரைபடத்தைப் பார்க்காமல் ஒரு துளைகூட வேண்டாம்.

கடைசியாக ஒன்று, உங்கள் சீலிங் உயரம் என்ன?

மூன்றாம்மாடி:
நன்றி அண்ணா. சீலிங் 9 அடி 4 அங்குலம். தூண் 7 அடி 9 அங்குலம், போதிகை 10 அங்குலம், அடிக்கல் ஓர் அடி. மூன்று அங்குலம் இடிக்கிறது. கடைக்காரர் தூணின் அடியில் அறுத்துத் தருகிறேன் என்கிறார்.

அப்பத்தாவீடு:
அறுப்பதா? ஒரு நூற்றாண்டு முழுசாக நின்ற மரம். தயவுசெய்து வேண்டாம்.

கொள்ளுப்பிட்டி:
கொழும்பிலிருந்து ஒரு வார்த்தை. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 33ஆவது ஒழுங்கையில் நான்கு சிறிய வீடுகளை ஒன்றாக்கித் தனக்கு வீடு அமைத்தார். இப்போதும் போய்ப் பார்க்கலாம். அங்கே செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. அந்த வீட்டுக்குள் நடந்தபோது எனக்கு அவை வேறு ஊரிலிருந்து வந்தவை என்றே தோன்றவில்லை. பொருள் இடம் மாறுவதில் குற்றம் இல்லை, கொண்டுபோகிறவருடைய கண் எப்படிப்பட்டது என்பதுதான் பேச்சு. செட்டியார்களுடைய வீடுகளே பர்மா மரமும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் வந்து சேர்ந்த இடம்தானே?

அப்பத்தாவீடு:
கடைசிக் கேள்வி நியாயமானது. ஆனால் எங்கள் ஐயாக்கள் யாருடைய வீட்டையும் பிரித்து அவற்றைக் கொண்டுவரவில்லை. மரமாக வாங்கினார்கள், கல்லாக வாங்கினார்கள்.

பாவா அந்தத் தூண்களை நிறுத்தியது வானம் பார்த்த இடத்தை ஒட்டி. எங்கள் வளவிலும் அதுதான். மழை நடுவில் கொட்டும்போது, நனையாமல் தூண் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து அப்பளம் உருட்டுவார்கள். வெயில் காலையில் ஒரு வரிசைத் தூணின் நிழலைப் போடும், மாலையில் எதிர் வரிசை. தூணுக்கு அங்கே வேலை இருந்தது, கூரையைத் தாங்கியது. காங்கிரீட் தளத்துக்கும் சோஃபாவுக்கும் நடுவில் அது எதைத் தாங்கும்? முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கேயும் செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்துத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் வீடாகக் கொண்டுவந்து வீடாகவே கட்டினார்கள்.

சிவப்புத்தரை:
நான் இரண்டு பக்கமும் இல்லை. மூன்றாம்மாடி, உங்கள் சொந்த ஊர் எது? செட்டிநாடு இல்லை என்றுதான் தெரிகிறது. இன்று அழகான வீடு என்றால் எல்லோரும் காரைக்குடிக்கு வண்டி ஏறுகிறார்கள், ஹோட்டல் முதல் நகைக்கடை வரை அதே தூண், அதே கல். சாம்பல் சோஃபாவுக்குப் பதில் இது ஒரு அச்சு ஆகிவிட்டது. எங்கள் கும்பகோணம் வீட்டில் சிவப்பு சிமெண்ட் தரை. காவிப் பொடி கலந்து, இழைத்து, தேங்காய் எண்ணெய் துணியால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி ஆன தரை. அதைப் போடத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் கேட்பவர் இல்லை.

இன்னொன்று, ஆத்தங்குடிக் கல் சிமெண்ட். எலுமிச்சை, புளி, பாத்ரூம் ஆசிட் எது பட்டாலும் பூ மங்கும். சமையலறைக்குப் போட்டுவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள்.

அப்பத்தாவீடு:
சமையலறைக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஹாலுக்குப் போடட்டும். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, சொல்லப்போனால் அதைத்தான் போடச் சொல்கிறேன். ஆத்தங்குடியில் ஒரு பட்டறைக்குள் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம், அதற்குள் பூ அச்சு. கரண்டியால் ஒவ்வொரு வண்ணமாக ஊற்றுவார்கள், பச்சை ஒரு கட்டத்துக்கு, மஞ்சள் ஒரு கட்டத்துக்கு. அச்சை நேராகத் தூக்கும் அந்த ஒரு நொடியில் கை நடுங்கினால் பூவின் ஓரம் கலைந்துவிடும். பிறகு உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே ஈரக் கலவை. சூளையே கிடையாது. சில நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடந்து, காய்ந்து, கண்ணாடி விலகும்போது அந்தக் கண்ணாடியின் பளபளப்பே கல்லில் தங்கியிருக்கும். நீங்கள் வாங்கினால் அந்தக் கை நாளையும் வேலை செய்யும். தூணை வாங்கினால் எந்த ஆசாரிக்குக் கூலி?

மதுரைக்கட்டுமானம்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, சகோதரி.

மூன்றாம்மாடி:
இரண்டு நாள் யோசித்தோம். என் சொந்த ஊர் மன்னார்குடி. தாத்தா வீட்டிலிருந்து மாமரப் பெஞ்சு ஒன்று அப்பாவிடம் இருக்கிறது, மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கிறது. அதை ஆசாரியிடம் கொடுத்துவிட்டேன். ஊஞ்சலுக்குப் பதில் ஜன்னல் ஓரம் அது. ஹாலில் 180 சதுர அடிக்கு ஆத்தங்குடிக் கல், பால்கனிக்குச் சிவப்புத் தரை, கொத்தனார் கிடைத்தால். தூண்களை வேண்டாம் என்று கடைக்குச் சொல்லிவிட்டேன். ஆனாலும் அப்பத்தாவீடு அக்கா சொன்ன கணக்கு முழுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் வாங்காததால் ஒரு வீடு பிழைக்கும் என்று நம்ப முடியவில்லை. அறுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மதுரைக்கட்டுமானம்:
அப்படியானால் அந்தத் தூண்களை நான் எடுத்துக்கொள்கிறேன். அழகர்கோவில் பக்கம் ஒருவருக்கு நடுவில் திறந்த முற்றம் வைத்து வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். அறுக்கத் தேவையில்லை, அங்கே உயரம் பதினோரு அடி இருக்கிறது. கூரையும் அவற்றின் மேல்தான் உட்காரும். கடை எது என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள் தம்பி.

அப்பத்தாவீடு:
அண்ணா, ஏற்றுவதற்கு முன்னால் ஒரு உதவி. தூணின் மேல்நுனியில், உத்தரத்துக்குள் நுழையும் முனையில், நீலத்தில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அடியிலிருந்து இரண்டரை அடி உயரத்திலும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வெளிச்சத்தில் எடுங்கள்.