விழித்திரைக் கலங்கள் ஒட்டவே மாட்டேன் என்கின்றன

மட்டக்களப்பில் இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். 7 நாள் கோழி முளையத்தின் விழித்திரையைத் திரிப்சின் என்ற நொதியால் தனிக் கலங்களாகப் பிரித்து, நரம்புக் கலங்களை என்-கட்ஹெரின் என்ற ஒட்டுப் புரதம் எப்படி ஒட்டவைக்கிறது என்று பார்க்கும் வேலை. மூன்று கிழமையாக 37 பாகையில் சுழற்றியும் கலங்கள் தனித்தனியாகவே நிற்கின்றன, இறந்த கலங்களில் மட்டும் ஏறும் சாயமான ட்ரைபான் நீலத்தில் பார்த்தால் உயிரோடுதான் இருக்கின்றன. ஏறாவூர்ப் பண்ணையில் புது முட்டை எடுத்தேன், ஊடகத்தில் 1 மில்லிமோலார் கல்சியம் சேர்த்தேன், அப்புறம் சுழற்சி வேகத்தையும் குறைத்துப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

கல்சியம் இல்லாதபோது திரிப்சின் கட்ஹெரினை வெட்டிவிடும், எங்களிடம் இருப்பதோ கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கலந்த திரிப்சின் மட்டும், ஆகவே என் சந்தேகம் அதில்தான். ஈடிடிஏ இல்லாதது கொழும்பிலிருந்து வர ஒரு மாதமாகும், எனக்கு இருப்பது இரண்டு கிழமை.

ஈடிடிஏ கலக்காத திரிப்சின் 10 மில்லிலீற்றர் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ யாரிடமாவது கிடைக்குமா?