மலாய்க்கு முதலிடம், மிச்சக் காசுக்கு ஆங்கிலம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்களும் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களும் இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1-இல் ஒரே வகுப்பில் வந்து அமர்கிறார்கள். இரு சாராருக்கும் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய். ஆனாலும் ஆங்கிலப் பாடத்தில் அவர்களுக்கிடையே உள்ள இடைவெளி முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் போட்டதால்தான் பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லை என்று சொல்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்தே வந்த இந்த இரு சாராரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாயாரிடம், மகனை ஆங்கில டியூஷனுக்கு அனுப்ப இயலுமா என்று கேட்டேன். "மலாய் போச்சுன்னா சர்டிபிகேட்டே இல்லையாமே டீச்சர்? இங்கிலீஷ அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் கணக்கில் பிழை இல்லை. இடைநிலைக் கல்வியின் முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.-இல் சான்றிதழ் பெற மலாய் மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். ஆங்கிலத்தில் தவறினாலும் சான்றிதழ் கிடைத்துவிடும். போதாக்குறைக்கு, ஆரம்பப்பள்ளி முடிக்கும்போது மலாயில் போதிய அடைவு இல்லாத தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டே படிவம் 1-க்கு வர முடியும். ஆகவே ஒரு டியூஷனுக்கு மட்டுமே வழியுள்ள வீட்டில் மலாய்தான் முந்துகிறது. இரண்டுக்கும் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை சனிக்கிழமைகளில் ஈப்போவுக்குப் போய் வருகிறது.

இந்த இடைவெளி முழுமையாக வெளிப்படுவது பேச்சுத் தேர்வில். 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் மாணவர்கள் இணையாக அமர்கிறார்கள். மூன்றாம் பகுதியில் ஒருவரோடொருவர் கலந்துரையாட வேண்டும். வகுப்புப் பயிற்சியில் தோட்டத்துப் பையன் ஒருவனும் பட்டணத்து மாணவி ஒருத்தியும் இணையாக அமைந்தார்கள். குடியிருப்பில் குப்பையைக் குறைப்பது எப்படி என்பது தலைப்பு. அவள் சரளமாகப் பேசிக்கொண்டே போக, அவன் "யெஸ், ஐ அக்ரீ" என்பதோடு நிறுத்திக்கொண்டான்; அவன் கையிலிருந்த தாளில் ஆங்கிலச் சொற்களுக்கு மேலே உச்சரிப்பைத் தமிழில் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். பிறகு தமிழில் சொல்லச் சொன்னேன். லயத்துப் பக்கம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் பக்கம், குப்பை லாரி வருவதில்லை, அதனால் எல்லோரும் கொளுத்துகிறார்கள், தார்ச்சாலை முனையில் பெரிய தொட்டி ஒன்றை வைத்தால் லாரி அங்கிருந்தே ஏற்றிக்கொண்டு போகலாம் என்று அவன் விளக்கினான். அந்த மாணவி சொன்ன எதிலும் இவ்வளவு விஷயம் இல்லை. ஆனால் தேர்வில் மதிப்பெண் ஆங்கிலத்தில் சொன்னதற்குத்தான்.

அதன்பின் இணைகளை முதலில் ஐந்து நிமிடம் தமிழில் பேசவிட்டு, கருத்துகளைக் குறித்துக்கொண்ட பிறகே ஆங்கிலத்துக்கு மாற்றுகிறேன். தயங்கும் பிள்ளையே தொடங்க வேண்டும் என்பதும் என் விதி. (ஆங்கில வகுப்பில் தமிழா என்று ஆசிரியர் அறையில் முகம் சுளிப்பவர்கள் உண்டு, சுளிக்கட்டும்.) வாக்கியங்கள் இன்னும் தடுமாறினாலும், அந்தப் பையன் இப்போது காரணம் சொல்லி மறுத்துப் பேசுகிறான்.

எனக்குப் பிடிபடாதது வேன் நேரம். பள்ளி முடிந்ததும் நான் இலவசமாக நடத்தும் கூடுதல் வகுப்புக்குப் பட்டணத்துப் பிள்ளைகளே வருகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் வேன் மணி அடித்தவுடன் புறப்பட்டுவிடுகிறது, அதை விட்டால் வீடு திரும்ப வேறு வண்டி கிடையாது. இதற்கு வழி கண்ட ஆசிரியர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.