மரைக்கும் ரேஞ்சுக்கும் ஒரே ஸ்கோப்: குறிக்கோடு முன்னாலயா, பின்னாலயா? (மெல்பர்ன் வந்த இலங்கை மலையகத்தாருக்கு)

கேள்வி:
அட்டன்ல இருந்து மெல்பர்ன் வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. பாதுகாப்பு வகுப்பு முடிச்சு லைசன்ஸும் கைக்கு வந்துருச்சு. .270 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் ஒன்னு பார்த்து வச்சிருக்கேன். அது மேல பொருத்துற ஸ்கோப்புக்கு (குறி பார்க்கிற தொலைநோக்கி) கடையில "எஃப்.எஃப்.பி. வேணுமா, எஸ்.எஃப்.பி. வேணுமா"ன்னு கேட்கிறாங்க. விலையில நல்ல வித்தியாசம். சனி ஞாயிறு ரேஞ்சில (சுடும் திடல்ல) பேப்பர் சுடுவேன், குளிர்காலத்துல மரை (சாம்பார் மான்) வேட்டைக்குப் போகணும். ஒரே ஸ்கோப்தான் வாங்க முடியும். எது வாங்குறது அண்ணே?

பதில் 1:
தம்பி, முதல்ல பெருக்க வளையத்தை (உருவம் எத்தனை மடங்கு பெருசாத் தெரியணும்னு மாத்துற வளையம்) திருப்பிப் பாருங்க. எஃப்.எஃப்.பி.யில (ஃபர்ஸ்ட் ஃபோக்கல் பிளேன், முதல் குவியத் தளம்) குறிக்கோடு, அதாவது ஸ்கோப்புக்குள்ள தெரியுற சிலுவைக் கோடு, பெருக்குற லென்ஸ்களுக்கு முன்னால இருக்கு. அதனால உருவத்தோட சேர்ந்து கோடும் பெருசாகும், சின்னதாகும். எஸ்.எஃப்.பி.யில (செகண்ட் ஃபோக்கல் பிளேன், ரெண்டாம் குவியத் தளம்) அது பின்னால, கண் பக்கம். உருவம் மட்டும் மாறும், கோடு அப்படியே நிற்கும்.

இதுல காசுக்குப் பெறுமதியான விஷயம் ஒன்னுதான்: கோட்டுல இருக்கிற சின்னச் சின்ன அடையாளங்களை அளவுகோலா வச்சுச் சுடுவீங்களா, இல்லையா? எஃப்.எஃப்.பி.யில ஒரு மில் (மில்லிரேடியன், கோண அளவு) எந்தப் பெருக்கத்திலயும் ஒரு மில்தான், 100 மீட்டர்ல 10 செ.மீ. எஸ்.எஃப்.பி.யில அந்தக் கணக்கு ஒரே ஒரு பெருக்கத்துலதான் சரி. பெரும்பாலும் அது ஆக உயர்ந்த எண். ஆனா சில மொடல்ல வேற எண்ணா இருக்கும், கூட வர்ற கையேட்டைப் பாருங்க.

2-10 (ரெண்டு மடங்குல இருந்து பத்து மடங்கு வரைக்கும் பெருக்குற) எஸ்.எஃப்.பி. ஒன்னு, 10-ல கணக்குச் சரின்னு வைங்க. .270-ஐ 200 மீட்டர்ல பூச்சியம் பண்ணினா (அந்தத் தூரத்துல குறி வச்ச இடத்துலயே குண்டு படற மாதிரி ஸ்கோப்பைத் திருத்தினா) 300-ல குண்டு ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும், அதாவது 0.6 மில் தூக்கிப் பிடிக்கணும். அவசரத்துல வளையம் 5-ல நிற்குது, நீங்க அதே 0.6 அடையாளத்தை வைக்கிறீங்க. 5-ல அது உண்மையில 1.2 மில். 18 செ.மீ. தூக்க வேண்டிய இடத்துல 36 செ.மீ. தூக்கிட்டீங்க. குண்டு முதுகுக்கு மேலால போகும், இல்லாட்டி முதுகெலும்புக்கு மேல் சதையைக் கிழிச்சிட்டு மரை தப்பிப்போகும். ரெண்டாவது ரொம்ப மோசம், காயப்பட்ட மிருகத்தைப் புதருக்குள்ள தேடணும்.

ஸ்கோப் மேல இருக்கிற குமிழைக் கிளிக் கிளிக்னு திருப்பிச் சுடுற ஆளுக்கு இந்தத் தலைவலி கிடையாது. 0.1 மில் கிளிக் எந்தப் பெருக்கத்திலயும், எந்தத் தளத்திலயும் 100 மீட்டர்ல 1 செ.மீ.தான். கடையில இதை அநேகமா சொல்ல மாட்டாங்க.

என் முடிவு: எஸ்.எஃப்.பி., 2-10 அல்லது 3-9, முன்கண்ணாடி 40 முதல் 42 மி.மீ., நடுவில ஒளிரும் புள்ளி. ரேஞ்சில கிளிக் போட்டுச் சுடுங்க. காட்டுல நடுப்புள்ளி மட்டும்.

காரணம் வெளிச்சம். விக்டோரியாவுல சூரியன் வர்றதுக்கு அரை மணி முந்தியிலிருந்து, மறைஞ்சு அரை மணி வரைக்கும்தான் மான் வேட்டைக்கு அனுமதி. மரை வெளியே வர்றதும் அந்த ரெண்டு நேரத்துலதான். நுவரெலியாவுல சாயந்திரம் பனி இறங்கி, பக்கத்து மரம் சாம்பலாத் தெரியுமே, அந்த வெளிச்சத்தை நினைச்சுப் பாருங்க. அதுல எஃப்.எஃப்.பி.யை 2-ல வச்சா குறிக்கோடு சிலந்தி நூல் மாதிரி ஆகிடும், மரையோட இருண்ட தோல்ல காணாமலே போகும். எஸ்.எஃப்.பி.யில தடிப்பு மாறாது. இன்னொன்னு, 42 மி.மீ. கண்ணாடி 6-ல கண்ணுக்கு 7 மி.மீ. ஒளிவட்டம் தரும், 10-ல 4.2 மட்டும்தான். இருட்டினா வளையத்தை இறக்குங்க. பனியில பெருக்கத்தைக் கூட்டினா பனிதான் பெருசாத் தெரியும்.

பதில் 2:
மேலே சொன்னதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். ரேஞ்சில் 100 மீட்டரில் காகிதம் மட்டும் என்றால் எஸ்.எஃப்.பி. போதும், அங்கே பெருக்கத்தைக் கூட்டினாலும் தடிக்காத கோடு சிறு வட்டத்தை மறைக்காது என்பதும் அதற்கு ஒரு சாதகம். ஆனால் 200, 350, 500 என்று தூரம் மாறி மாறி, நேரக் கணக்கில் சுடும் போட்டி என்றால் எஃப்.எஃப்.பி.தான். குறைந்த பெருக்கத்திலும் எவ்வளவு தூக்கிப் பிடிப்பது, காற்றுக்கு எவ்வளவு விலக்குவது என்பதைக் கோட்டிலேயே படிக்கலாம். வாங்குமுன் கடை விளக்கின் கீழ் பார்க்காதீர்கள். வாசலுக்கு வெளியே, அந்தி மங்கும் நேரத்தில், ஆகக் குறைந்த எண்ணில் வைத்து ஒரு மர நிழலைப் பாருங்கள். நடுக்கோடு தெரியவில்லையா, ஒளிரும் வசதி இல்லாத அந்த ஸ்கோப் வேட்டைக்கு வேண்டாம்.

எஸ்.எஃப்.பி. எடுத்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அட்டையில் 50 செ.மீ. இடைவெளியில் இரண்டு தடித்த கோடுகள் போட்டு 100 மீட்டரில் நிறுத்துங்கள். ஐந்து மில் அந்த இடைவெளியில் சரியாகப் பொருந்தும்வரை வளையத்தைத் திருப்புங்கள். பொருந்திய இடத்தில் வெள்ளைப் பெயின்ட் பொட்டு ஒன்று வையுங்கள். வளையத்தில் அச்சிட்ட எண்ணும் உங்கள் பொட்டும் சற்று விலகியிருந்தால் பொட்டையே நம்புங்கள். ரேஞ்ச் கெஜக் (யார்ட்) கணக்கில் இருந்தால் 100 கெஜம் என்பது 91.4 மீட்டர், இடைவெளி 45.7 செ.மீ. ஆக வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் தவறுவார்கள்.

பொருத்தும்போது, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்தும் வளையங்களின் திருகாணிகளை ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்காதீர்கள். பெட்டியில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. அதிகமாக இறுக்கினால் குழாய் நசுங்கி, பெருக்க வளையமும் கனமாகும். கண்ணிலிருந்து 8 முதல் 10 செ.மீ. விடுங்கள், .270-இன் உதை புருவத்தைப் பதம் பார்க்கும். முதலில் 25 மீட்டரில் காகிதத்தில் பட வையுங்கள், அங்கே ஒரு கிளிக் 2.5 மி.மீ. மட்டுமே. பிறகு 100-க்குப் போங்கள், மூன்று மூன்று குண்டாகச் சுட்டு நடுப்புள்ளியைத் திருத்துங்கள்.

நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது சரிவு. தலவாக்கலையில் ஒரு மலையிலிருந்து எதிர்மலையைப் பார்த்துத் தூரம் சொன்னால் அநேகமாகக் குறைத்துத்தான் சொல்வோம், பள்ளத்தாக்கு ஏமாற்றும். லேசர் அளவி ஒன்று வாங்குங்கள். அது காட்டும் 300 மீட்டர் 30 பாகை சரிவில் என்றால், குண்டு விழும் கணக்குக்கு 260 மீட்டர் என்றே எடுங்கள். மேலே சுட்டாலும் கீழே சுட்டாலும் இதே கணக்கு.

கேள்வி:
நன்றிங்க. மரைக்கு வேற ஏதாவது கட்டாயம் இருக்கா?

பதில் 1:
இருக்கு. துப்பாக்கி லைசன்ஸ் தனி, வேட்டை லைசன்ஸ் தனி. விக்டோரியாவுல மரைக்கு ஆகக் குறைஞ்சது .270 அங்குல விட்டம், 130 கிரெய்ன் (எடை அளவு) குண்டு. உங்க ரைபிள் சரியா விளிம்புல நிற்குது, அதனால 130-க்குக் கீழே இலேசான குண்டு வாங்கிடாதீங்க. 1860கள்ல இங்கே விட்ட மரைகள்ல இலங்கையிலிருந்து வந்ததும் உண்டு, ஹோர்ட்டன் சமவெளியில வாகனத் தரிப்பிடத்துல பாண் கேட்டு நிற்குதே, அதே இனம். ஆனா இங்கே அது மனுஷனைக் கண்டா நிற்காது. அடர்ந்த காட்டுல 100 மீட்டருக்குள்ள, ரெண்டு செக்கனுக்குள்ள வேலை முடியணும். வளையத்தை 3-ல வச்சுக்கிட்டு நடங்க.

கேள்வி:
பழைய ஸ்கோப் ஒன்னை அப்பாவுக்கு ஊருக்கு அனுப்பலாமா? பன்றித் தொல்லை அதிகம்.

பதில் 2:
வேண்டாம். பயிர்க் காவலுக்கு உரிமம் உள்ள பன்னிரண்டு போர் (bore) சிதறுகுண்டுத் துவக்கு ஐம்பது மீட்டருக்குள் பயன்படுவது, அதற்கு ஸ்கோப் தேவையே இல்லை. விமான நிலையத்தில் அந்தப் பெட்டிக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அப்பாவுக்கு நல்ல தலைவிளக்கு ஒன்று அனுப்புங்கள்.