ஹாமக்கில் முதுகு குளிருது, எத்தனை டிகிரி குவில்ட் வாங்கலாம்?

வைகைக்கரை
அவசரம், வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புறோம். ஹாமக்ல (ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டுற துணித் தூளி) படுத்தா மேல கதகதப்பா இருக்கு, முதுகும் இடுப்பும் மட்டும் விடியக்காலம் ஜில்லுனு ஆயிருது. 10 டிகிரி வரைக்கும் குளிர் தாங்கும்னு போட்ட குவில்ட் (இறகோ பஞ்சோ அடைச்ச போர்வை) வச்சிருக்கேன். இதவிடக் கனமானது வாங்கணுமா? எல்லா மலைக்கும் ஒரே செட்டுதான் கட்டுப்படியாகும்.

தூளிப்பாதை
எந்த மலை, எத்தனை மீட்டர் உயரம், எந்த மாசம்? அந்தக் குவில்ட் மேல போர்த்துறதா, ஹாமக்குக்கு அடியில வெளிப்பக்கமாத் தொங்கவிடுறதா? இது தெரியாம யாரும் நம்பர் சொல்ல முடியாது.

ஏலக்காத்து
அதோட, 10 டிகிரிங்கிறது செல்சியஸா ஃபாரன்ஹீட்டா? அமெரிக்கச் சரக்குல 20, 40, 50னு போட்டிருந்தா அது ஃபாரன்ஹீட். 50ன்னா 10 செல்சியஸ், 40ன்னா சுமார் 4, 20ன்னா மைனஸ் 7.

பாய்விரிச்சவன்
குவில்ட்டே வேணாம்ங்க. 10 மி.மீ. ஃபோம் மேட்டை ஹாமக்குக்குள்ள விரிங்க, முடிஞ்சது. நனையாது, கிழியாது, காசும் கம்மி.

கோடைப்பனி
அடிப்படையே தெரியாமப் பொருள் வாங்கக் கிளம்புறது இப்ப வழக்கமாப் போச்சு. தம்பி, கவனமாப் படிங்க. சூடு தர்றது பஞ்சோ இறகோ இல்ல, அதுக்குள்ள சிக்கி நிக்கிற காத்து. ஹாமக்குக்குள்ள எந்தப் போர்வையை விரிச்சுப் படுத்தாலும் உடம்பு எடையில அடிப்பக்கம் நசுங்கிரும். தரையில படுத்தா அடியில காத்து ஓடாது, ஹாமக்ல ஓடும். அதனாலதான் அடிக்குவில்ட்டை நசுங்காம வெளியில தொங்கவிடுறோம்.

உயரக் கணக்கு: 1000 மீட்டர் ஏறினா தோராயமா 6.5 டிகிரி குறையும். மார்கழியில மதுரையில ராத்திரி 20ன்னா, 2100 மீட்டர்ல இருக்குற கொடைக்கானல்ல 7 வரும். பள்ளமான புல்வெளியில அதுவும் நிக்காது. தெளிவான ராத்திரியில குளிர்ந்த காத்து கனமாகிப் பள்ளத்துல தேங்கும், உறைபனியே விழும். சரிவுல கொஞ்சம் மேல ஏறிக் கட்டினாலே வித்தியாசம் தெரியும்.

வைகைக்கரை
செல்சியஸ்தான். மேல ஒண்ணு, அடியில ஒண்ணு, ரெண்டும் 10. போன தடவை சிறுமலை, இந்தத் தடவை கொடைக்கானல் மேல்மலை, மன்னவனூர் பக்கம். எஸ்டேட்காரர்கிட்ட அனுமதி வாங்கியாச்சு.

தூளிப்பாதை
அடிக்குவில்ட் இருக்குங்கிறதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும். சிறுமலையில மார்கழியிலயும் 13, 14தான் வரும். அதுக்கே 10 டிகிரி குவில்ட் தாங்கலன்னா தப்பு நம்பர்ல இல்ல, கட்டுல இருக்கு.

வீட்டுலயே பாருங்க. ஹாமக்ல படுத்துக்கிட்டு ஒருத்தரை அடியில கை விடச் சொல்லுங்க. ஹாமக் துணிக்கும் குவில்ட்டுக்கும் நடுவுல கை தாராளமாப் போய் வந்தா அங்க காத்து புழங்குது, கயிறை ஏத்தணும். கையை நுழைக்கவே முடியாம இறுக்கமா இருந்தா உப்பல் நசுங்குது, தளர்த்தணும். ஒட்டியும் ஒட்டாமயும் தொட்டுக்கிட்டு இருக்கணும். கழுத்துக்கிட்டயும் கால்கிட்டயும் ரெண்டு ஓரமும் சுருக்குக்கயிறால மூடியிருக்கணும், அதிகம் இடைவெளி விழுறது அங்கதான். எலாஸ்டிக் கயிறு பழசாயிட்டா இழுவை போய் நடுராத்திரி தொய்ஞ்சிரும். இழுத்து விட்டுப் பாருங்க, பழைய நீளத்துக்குத் திரும்பலன்னா மாத்துங்க.

ஹாமக் 335 செ.மீ. நீளம்னா ரிட்ஜ்லைன் (ஹாமக்கோட ரெண்டு முனையையும் இணைக்கிற மேல்கயிறு) அதுல 83 சதவீதம், அதாவது 278 செ.மீ. மரத்துல கட்டுற வாரு 30 டிகிரி சாய்வு. அப்பத்தான் குறுக்காப் படுத்து முதுகு சமமா வரும். குறுக்காப் படுத்தா குவில்ட்டையும் அந்தப் பக்கமா நகர்த்தணும். பலரும் இதை விட்டுர்றாங்க, ஒரு தோள் மட்டும் குளிரும்.

ஏலக்காத்து
கட்டு சரியானாலும் மேல்மலைக்கு 10 பத்தாது. ஸ்லீப்பிங் பேக்குக்காவது ஐ.எஸ்.ஓ. 23537ன்னு ஒரு சோதனை இருக்கு, அதுல 'கம்ஃபர்ட்' (சுகமாத் தூங்குற அளவு) ஒண்ணு, 'லிமிட்' (தாங்குற எல்லை) ஒண்ணுன்னு வரும். குவில்ட்ல பெரும்பாலும் தயாரிப்பாளர் சொல்றதுதான் நம்பர், அதுவும் லிமிட்டா இருக்கும். அதனால அடிக்கு, எதிர்பார்க்கிற குளிரைவிட 5 டிகிரி கீழ வாங்கணும். மன்னவனூர்ல 4 வரும்னு வச்சுக்கிட்டா அடியில மைனஸ் 1, மேல 4. அடிதான் முக்கியம், காசு இருந்தா அங்க போடுங்க.

ஒரே செட்டுன்னா குளிருக்கு வாங்கி வெக்கைக்குத் தளர்த்துறதுதான் வழி. சிறுமலையில அடிக்குவில்ட் கயிறை நாலு விரல் இறக்கி ஒரு ஓரத்தைத் திறந்துவிட்டா காத்தோட்டம் வந்துரும். மேல்குவில்ட்டை ஒரு கால் வெளிய போட்டுப் படுக்கலாம். மெல்லிசை வாங்கிட்டு குளிருக்குக் கனமாக்க முடியாது.

வெள்ளிக்கிழமைக்குள்ள புதுசு வராது. இருக்குறதோட ஃபோம் மேட்டையும் ஹாமக்குக்குள்ள போடுங்க. 50, 60 செ.மீ. அகல மேட்ல தோள் வெளிய நிக்கும், குறுக்க இன்னொரு துண்டு வெட்டி வைங்க. கம்பளியை அடிக்குவில்ட்டுக்குள்ள திணிக்காதீங்க. கனத்துல தொய்ஞ்சு இன்னும் இடைவெளி விழும்.

பாய்விரிச்சவன்
கடைசியில மேட்டுக்குத்தான் வந்தீங்க.

போடிநாயக்கன்
இவ்வளவு செலவு எதுக்கு? போடியில இலவம் பஞ்சு வாங்கி அடிக்கு ஒண்ணு தச்சுக்கலாம். நாருக்குள்ள வெறும் காத்துதான், மேல மெழுகு மாதிரி பூச்சு, தண்ணி ஒட்டாது. ஒரு காலத்துல லைஃப் ஜாக்கெட்டுக்கே இதைத்தான் அடைச்சாங்க.

கோடைப்பனி
மெத்தைக்குச் சரி, இதுக்குச் சரிவராது. நார் குட்டை, வழுக்கும். நெருக்கமாக் கட்டம் போட்டுத் தைக்கலன்னா ஒரு மூலைக்கு ஒதுங்கிரும், மீதி வெறும் துணி. அமுக்கிப் பைக்குள்ள அடைச்சா இறகு மாதிரித் திரும்ப எழும்பாது.

போடிநாயக்கன்
வெயில்ல காயப்போட்டுத் தட்டுங்கண்ணே, எழும்பும். அடியில தொங்குறதுல எடை விழாதுன்னு நீங்கதானே மேல எழுதியிருக்கீங்க?

கோடைப்பனி
தொங்கும்போது விழாது. பைக் பின்னாடி கட்டிக்கிட்டு மேல்மலை வரைக்கும் போறப்ப விழும். மூடுபனியில வெயிலுக்கு எங்க போறது? தீப்பொறி பட்டா இலவம் பஞ்சு சட்டுனு பத்திக்கும், கேம்ப்ல அதையும் யோசிங்க.

ஈரச்சாரல்
ஐப்பசி, கார்த்திகையில போறவங்க டவுன் குவில்ட்டையும் யோசிங்க. நனைஞ்சா இறகு ஒட்டிக்கிட்டு உப்பல் போயிரும். அந்த மாசங்கள்ல சிந்தெடிக் கனமா இருந்தாலும் நம்பலாம். டார்ப்பை (மேல கூரையாக் கட்டுற ஷீட்) காத்து வர்ற பக்கம் தாழ்த்திக் கட்டுங்க, காத்து குவில்ட் துணியைத் துளைச்சா 5 டிகிரி கணக்கெல்லாம் நிக்காது.

வைகைக்கரை
போயிட்டு வந்தாச்சு. எலாஸ்டிக் தொளதொளன்னு இருந்துச்சு, மாத்துனேன், மேட்டும் போட்டேன். முதுகு குளிரல. கால்தான் விறைச்சுருச்சு. நன்றி.

தூளிப்பாதை
அடிக்குவில்ட் முழு நீளமா, முக்காலா? முக்கால்னா கெண்டைக்காலுக்குக் கீழ ஒண்ணும் இருக்காது, 40க்கு 50 செ.மீ. ஃபோம் துண்டு பாதத்துக்கு அடியில போடுங்க. முழு நீளம்னா கால் பக்கச் சுருக்குக்கயிறை இன்னும் கொஞ்சம் இழுக்கணும். எதுன்னு சொல்லுங்க.