மாதக்கணக்கில் தொடாமல் விட்டாலும் நிற்கும் வலைப்பதிவு: எந்த மென்பொருள் சரிவரும்?

கன்னடியன்கரை (சேரன்மகாதேவி):

பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும், கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை, பஸ்ஸிலும் சைக்கிளிலுமாகப் போய்ப் பார்த்துக் குறிப்பெழுதி வைத்திருக்கிறேன். மடைகளின் பெயர்கள், எந்தக் கால்வாய் எந்தக் குளத்தை நிரப்புகிறது, பெரியவர்கள் சொன்ன தண்ணீர் முறை என்று ஒன்பது நோட்டுகள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தட்டில் இருந்த இரண்டு நோட்டுகள் ஊறிப்போய், மை முழுவதும் கரைந்துவிட்டது. மீதியையாவது இணையத்தில் ஏற்றிவிட வேண்டும்.

ஒரு முறை ஏற்றவும் செய்தேன். மருமகன் வாடகை சர்வரில் ஒரு தளம் அமைத்துக் கொடுத்தார். பேத்தி பிறந்தாள் என்று மூன்று மாதம் பெங்களூரில் இருந்துவிட்டு வந்து திறந்தால், நதியுண்ணிக் கால்வாய் பற்றிய கட்டுரை இருந்த இடத்தில் ஏதோ மாத்திரை விளம்பரம். நட்டுவிட்டு ஊருக்குப் போனவன் வயலில் கோரை மண்டியதுபோல. தளத்தோடு சேர்த்து ஓடும் ஒரு துணை நிரலை, செருகுநிரல் என்கிறார்கள், புதுப்பிக்காமல் விட்டதுதான் காரணமாம். சரிசெய்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு உள்ளே நுழையும்போதெல்லாம் '17 புதுப்பிப்புகள் காத்திருக்கின்றன' என்று வருகிறது; அழுத்தினாலும் பயம், அழுத்தாவிட்டாலும் பயம்.

நான் எழுதுவது பிசான நெல் அறுத்து முடிந்தபின் அடுத்த போகமான கார் சாகுபடி தொடங்கும் வரைதான். மற்ற மாதங்களில் அந்தப் பக்கமே போகமாட்டேன். சுமார் 300 படங்கள் உண்டு. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்க மனமில்லை. என்ன செய்யலாம்?

பேட்டைக்காரன்:

ஐயா, ஹியூகோ என்ற இலவச மென்பொருளுக்கு மாறிவிடுங்கள். மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் சாதாரண உரைக்கோப்பாக எழுதினால் அதுவே எச்டிஎம்எல் பக்கங்களாக, அதாவது உலாவியில் திறக்கும் வலைப்பக்கங்களாக, ஆக்கித் தரும். கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் தளத்தை இலவசமாக ஏற்றலாம். தரவுத்தளமும் கிடையாது, செருகுநிரலும் கிடையாது. உடைத்து உள்ளே நுழைய எதுவுமே இல்லை. நான் ஒரு மாலையில் அமைத்துவிட்டேன்.

கோரைப்பாய் (பத்தமடை):

பேட்டைத் தம்பி சொல்வது தப்பில்லை. ஆனால் அவர் மாலையும் நம் மாலையும் ஒன்றல்ல. நான் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர்ப் பாய் நெசவைப் பற்றி 2009 முதல் வலைப்பதிவு எழுதுகிறேன். நடுவில் ஆசைப்பட்டு ஹியூகோ மாதிரி பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி வைக்கும் ஒரு மென்பொருளுக்கு மாறினேன். ஆறு மாதம் அருமையாக ஓடியது. பிறகு மடிக்கணினி மாறியது. புதுப் பதிப்பை நிறுவினேன். பக்கங்களின் தோற்றத்தை அமைக்கும் பழைய வார்ப்புரு அதோடு ஒத்துப்போகவில்லை. தளம் இணையத்தில் அப்படியே நின்றது, அதைக் குறை சொல்லமாட்டேன். எனக்குத்தான் ஒரு வரி கூடச் சேர்க்க முடியவில்லை. எந்தக் கட்டளையை எந்தக் கோப்புறையில் அடித்தேன் என்பதே மறந்துபோயிருந்தது.

அண்ணாச்சி, உங்களுக்கும் அதுதான் நடக்கும். ஒன்பது மாதம் தொடாமல் இருக்கிற மனிதர், பத்தாவது மாதம் எதையும் நினைவுபடுத்திக்கொள்ளாமல் உட்கார்ந்து எழுத வேண்டும். அந்தக் கணக்குக்குக் கூகிளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகர் போதும். 1999இல் தொடங்கியது, 2003இல் கூகிள் வாங்கியது, இன்றும் ஓடுகிறது. பார்க்கப் பழசாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். புதுப்பிக்கிற வேலை நம் தலையில் இல்லை.

அதற்காக முழுதாக நம்பிவிடவும் வேண்டாம். இதே நிறுவனம்தான் வலைப்பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துப் படிக்க உதவிய கூகிள் ரீடரை 2013இல் மூடியது. ஆகவே சொந்தமாக ஒரு 'டாட் இன்' முகவரி வாங்குங்கள். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். அதைப் பிளாகரோடு இணைக்கத் தனிக் கட்டணம் இல்லை. நாளைக்கு வேறிடம் போனாலும் பெயர் உங்களோடு வரும். முகவரியைப் புதுப்பிக்கும் தேதியை மட்டும் வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் எல்லாரும் இடறும் ஓர் இடம் உண்டு. தலைப்பைத் தமிழில் மட்டும் கொடுத்தால் பிளாகர் அதை முகவரியாக்காது. 'பிளாக்-போஸ்ட்' என்றும் ஓர் எண் என்றும் போட்டுவிடும். வெளியிடுவதற்கு முன்பே வலப்பக்கத்தில் நிரந்தர இணைப்பு என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் நீங்களே பெயர் கொடுங்கள். முகவரியும் தமிழிலேயே இருக்கட்டும் என்று ஆசைப்படாதீர்கள். 'அணைக்கட்டு' என்ற ஒரே சொல், நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் 90 குறிகளாக நீளும்.

படங்களைக் கைபேசியில் எடுத்தபடியே ஏற்ற வேண்டாம். 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் போதும், மடையில் வெட்டிய கல்வெட்டு எழுத்து கூடத் தெரியும். பின்னூட்டத்தை மூடிவிடுங்கள், கடன் விளம்பரங்களை அள்ளிக் கொட்டவே ஒரு கூட்டம் இருக்கிறது.

கட்டுரையை முதலில் கணினியில் சாதாரண உரைக்கோப்பாக எழுதிச் சேமித்துவிட்டுப் பிறகு பிளாகரில் ஒட்டுங்கள். அமைப்புகளில் காப்புப்பிரதி எடுக்கும் வசதி உண்டு. ஆனால் அதில் கட்டுரைகள் இருக்கும் கோப்பில் படங்களுக்கு இணைப்பு மட்டுமே இருக்கும். படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு மகளிடம் கொடுத்து வையுங்கள், வெள்ளம் வராத ஊரில்.

பேட்டைக்காரன்:

டீச்சர் சொன்ன வார்ப்புருச் சிக்கலுக்கு வழி இருக்கிறது. ஹியூகோ ஒரே ஒரு கோப்புதான். எந்தப் பதிப்பில் அமைத்தோமோ அதையே தளத்தின் கோப்புறையில் சேர்த்து வைத்துக்கொண்டால் பல ஆண்டு ஓடும். ஆனாலும் ஐயா நிலையில் பிளாகர்தான் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

மேலப்பாளையத்தான்:

ஒன்றை விட்டுவிட்டீர்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் கணக்கை நீக்கலாம் என்று 2023இல் கூகிள் விதி கொண்டுவந்தது. நாம் இருக்கும்வரை சரி. கடவுச்சொல்லையும் இரண்டாம் சரிபார்ப்பு எந்தக் கைபேசிக்கு வருகிறது என்பதையும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். என் தந்தை சொல்லாமலே போய்விட்டார். இருநூறுக்கு மேற்பட்ட கட்டுரைகளை வாசிக்க முடிகிறது, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த முடியவில்லை.

கன்னடியன்கரை (சேரன்மகாதேவி):

எல்லாருக்கும் நன்றி. பிளாகரில் தொடங்கிவிட்டேன். முகவரி 600 ரூபாய்க்குள் கிடைத்தது. நேற்று சுத்தமல்லி அணைக்கட்டுக் கட்டுரையை ஏற்றினேன். டீச்சர் சொன்னபடி நிரந்தர இணைப்பில் நானே பெயர் கொடுத்தேன். கண்ணாடி போடாமல் அடித்ததில் ஓர் எழுத்து விடுபட்டு 'சுதமலி' மாதிரி நிற்கிறது. திருத்தலாமா?

கோரைப்பாய் (பத்தமடை):

இடுகையை வரைவுக்குத் திருப்பி, பெயரை மாற்றி, மறுபடி வெளியிடலாம். ஆனால் பழைய இணைப்பு செத்துப்போகும். யாருக்காவது அனுப்பிவிட்டீர்களா?

கன்னடியன்கரை (சேரன்மகாதேவி):

பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். 84 பேர்.

கோரைப்பாய் (பத்தமடை):

அப்படியானால் அது சுதமலியாகவே இருக்கட்டும், அண்ணாச்சி.