ஏஜென்ட் தப்பான டூலையே கூப்பிடுகிறது: டிஸ்கிரிப்ஷனில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி

வணக்கம். ஆன்லைன் துணிக்கடைக்கான சப்போர்ட் ஏஜென்ட் (வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லி, தேவையான டூலைத் தானே கூப்பிடும் ஏஐ மாடல்) வைத்திருக்கிறேன். மூன்று டூல்கள் (ஏஜென்ட் கூப்பிடக்கூடிய ஃபங்ஷன்கள்): கெட்_ஆர்டர், சர்ச்_ஆர்டர்ஸ், கிரியேட்_ரீஃபண்ட். டூல் என்ன செய்யும் என்று மாடலுக்குச் சொல்லும் டிஸ்கிரிப்ஷன் ஒவ்வொன்றும் ஒரே வரிதான்: "ஆர்டர் விவரம் தரும்", "ஆர்டர்களைத் தேடும்", "பணத்தைத் திருப்பித் தரும்". இரண்டு சிக்கல். வாடிக்கையாளர் செல்போன் எண்ணைக் கொடுத்தால், அதையே ஆர்டர் ஐடியாக வைத்து கெட்_ஆர்டரைக் கூப்பிடுகிறது. 500 ரூபாய் ரீஃபண்டுக்கு அமௌன்ட் 500 என்றே அனுப்புகிறது. பேமென்ட் ஏபிஐ (பணம் அனுப்பும் சேவையோடு பேசும் இணைப்பு) கேட்பது பைசாவில், அதனால் 5 ரூபாய்தான் போகிறது. சிஸ்டம் பிராம்ப்ட்டில் (மாடலுக்கு முதலிலேயே தரும் பொது அறிவுறுத்தல்) "கவனமாகச் செய்" என்று எழுதியும் பலனில்லை. மாடலை மாற்ற வேண்டுமா?

பதில் 1

மாடலை மாற்ற வேண்டாம். டூலைப் பற்றி அதற்குத் தெரிவதெல்லாம் பெயர், டிஸ்கிரிப்ஷன், ஸ்கீமா (என்னென்ன மதிப்புகளை எந்த வடிவில் தர வேண்டும் என்ற விவரம்) மட்டுமே. உள்ளே இருக்கும் கோடு (நிரல்) அதன் கண்ணில் படாது. "ஆர்டர் விவரம் தரும்" என்பதையும் "ஆர்டர்களைத் தேடும்" என்பதையும் மட்டும் படித்துவிட்டு, செல்போன் எண் எதற்குப் போகும் என்று உங்களாலும் சொல்ல முடியாது. கெட்_ஆர்டருக்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஒரே ஒரு ஆர்டரின் நிலை, பொருட்கள், டெலிவரி தேதி ஆகியவற்றைத் தரும். ஆர்டர் ஐடி கையில் இருந்தால் மட்டும் கூப்பிடவும். ஐடி 'ஓஆர்டி-' என்று தொடங்கும், பிறகு 8 இலக்கம், எ.கா. ஓஆர்டி-20417735. செல்போன் எண்ணோ இன்வாய்ஸ் எண்ணோ இங்கே செல்லாது. அவைதான் இருக்கின்றன என்றால் முதலில் சர்ச்_ஆர்டர்ஸில் ஐடியை எடுக்கவும். ரீஃபண்ட் நிலை இதில் வராது."

எப்போது கூப்பிடக் கூடாது என்பதைச் சொல்லும் வாக்கியம்தான் இதில் அதிக வேலை செய்யும். ஒன்றோடொன்று குழம்பக்கூடிய இரண்டு டூல் இருந்தால், இரண்டு டிஸ்கிரிப்ஷனிலும் மற்றதன் பெயரைச் சொல்லிக் கைகாட்டுங்கள்.

பைசா விஷயத்தை டிஸ்கிரிப்ஷனில் தீர்க்க வேண்டாம். "பைசாவில் தரவும்" என்று எழுதினால் பெரும்பாலும் சரியாக வரும். பணத்தில் "பெரும்பாலும்" போதாது. பாராமீட்டர் (டூலுக்குக் கொடுக்கும் மதிப்பு) பெயரையே அமௌன்ட்_ரூபாய் என்று வையுங்கள், 100-ஆல் பெருக்குவதை உங்கள் கோடு செய்யட்டும். முழு ரீஃபண்ட் என்றால் தொகையையே கேட்காதீர்கள்: முழு, பகுதி என்று இரண்டே மதிப்புள்ள enum (குறிப்பிட்ட மதிப்புகளில் ஒன்றை மட்டும் ஏற்கும் பாராமீட்டர்) வைத்து, முழுத் தொகையை டேட்டாபேஸிலிருந்து எடுங்கள்.

பதில் 2

மேலே சொன்னது சரி, ஆனால் பாதி வேலைதான். டிஸ்கிரிப்ஷன் வழிகாட்டும், தடுக்காது. ஐடியின் வடிவத்தையும் ரீஃபண்ட் உச்ச வரம்பையும் சர்வரில் கட்டாயம் சரிபாருங்கள். தவறினால் "400 இன்வேலிட்" (செல்லாத கோரிக்கை என்ற பொதுவான எரர்) என்று மட்டும் திருப்பினால், ஏஜென்ட் அதே எண்ணோடு மறுபடி முட்டும். "இது 10 இலக்க எண், ஆர்டர் ஐடி அல்ல, சர்ச்_ஆர்டர்ஸில் செல்போன் பாராமீட்டராகக் கொடுக்கவும்" என்று திருப்புங்கள். எரர் செய்தியும் மாடல் படிக்கும் டிஸ்கிரிப்ஷன்தான்.

கிரியேட்_ரீஃபண்டில் இன்னொரு ஆபத்து: டைம்அவுட் ஆனதும் ஏஜென்ட் திரும்பக் கூப்பிட்டால் இரண்டு முறை பணம் போகும். ஐடெம்பொடென்சி கீயை (ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தாலும் ஒரு முறை மட்டும் நிறைவேற்ற உதவும் அடையாள எண்) உங்கள் கோடே உருவாக்கட்டும். மாடலிடம் கேட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைத் தரக்கூடும். எம்சிபி (ஏஜென்டுக்கு டூல்களை இணைக்கும் பொது நெறிமுறை) சர்வராக இருந்தால் ரீட்ஒன்லிஹின்ட் (டூல் எதையும் மாற்றாது), டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட் (அழிக்கும் மாற்றம் செய்யலாம்) இரண்டையும் சரியாகக் குறியுங்கள். ஆனால் அவை வெறும் குறிப்புகளே, பாதுகாப்பு அல்ல.

கேள்வி கேட்டவர்

நன்றி, இருவருக்கும். இன்னும் இரண்டு: "நேத்து வாங்கினது" என்றால் சர்ச்_ஆர்டர்ஸ் சில சமயம் காலியாக வருகிறது. டிஸ்கிரிப்ஷனைத் தமிழில் எழுதலாமா?

பதில் 3

இன்று என்ன தேதி என்று மாடலுக்குத் தானாகத் தெரியாது. சிஸ்டம் பிராம்ப்ட்டில் இந்திய நேரப்படி தேதியைக் கொடுங்கள். மணி, நொடி வேண்டாம். பிராம்ப்ட் கேஷிங் (மாறாத பிராம்ப்ட்டைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது) பயன்படுத்தினால் நொடி மாறும்போதெல்லாம் கேஷ் வீணாகும். பாராமீட்டரில் "வருடம்-மாதம்-நாள், இந்திய நேரம், தொடக்க நாளும் முடிவு நாளும் சேர்த்து" என்று எழுதுங்கள். டேட்டாபேஸ் யூடிசியில் (இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) இருந்தால், நம் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை வந்த ஆர்டர்கள் முந்தைய தேதியில் கிடக்கும். காலியாக வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், அதைக் கோடில்தான் திருத்த வேண்டும்.

தமிழில் எழுதினாலும் புரிந்துகொள்ளும். ஆனால் டிஸ்கிரிப்ஷன் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் போகிறது, தமிழுக்குப் பொதுவாக டோக்கன் (மாடல் உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) அதிகம். ஆங்கிலத்தில் எழுதி, வாடிக்கையாளர் பேசும் தமிழ் வாக்கியங்களை மட்டும் உதாரணமாகச் சேருங்கள். இங்கே அது அவசியம்: "பணத்தைத் திருப்பிக் குடுங்க" என்பது ரீஃபண்ட் கேட்பது; "பணம் திரும்ப வரல" என்பது ஏற்கெனவே போட்ட ரீஃபண்டின் நிலையைக் கேட்பது. இரண்டாவதற்கு உங்களிடம் டூலே இல்லை. அதனால் ஏஜென்ட் பக்கத்தில் இருப்பதை, அதாவது கிரியேட்_ரீஃபண்டையே, பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நன்றாக எழுதினாலும் இல்லாத டூலை டிஸ்கிரிப்ஷன் ஈடுகட்டாது. கெட்_ரீஃபண்ட்_ஸ்டேட்டஸ் என்று ஒன்று சேருங்கள்.

பிறகு 30 வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த டூல், என்ன மதிப்பு வர வேண்டும் என்று குறித்து வையுங்கள். அதில் குறைந்தது பத்து எந்த டூலும் தேவைப்படாதவையாக இருக்கட்டும்: "சைஸ் சார்ட் எங்கே இருக்கு?" மாதிரி. ஒவ்வொன்றையும் 5 முறை ஓட்டுங்கள். ஒருமுறை சரியாக வந்ததை நம்ப முடியாது. ஒரு நேரத்தில் ஒரு டிஸ்கிரிப்ஷனை மட்டும் மாற்றி, 30-ஐயும் மறுபடி ஓட்டுங்கள். கெட்_ஆர்டரில் செய்த திருத்தம் சர்ச்_ஆர்டர்ஸைக் கெடுத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.