ஆர்க்கிடுக்குக் கழனித்தண்ணி, மீன் அமிலம், வாழைப்பழத்தோல்: ஊத்தினவங்க சொல்லுங்க

அம்பத்தூர் மொட்டைமாடி:
சோனியா டென்ட்ரோபியம்ங்கிற ஆர்க்கிட், கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்ட தொட்டி, நிழல்வலைக்குக் கீழ தொங்குது. நாங்க ஊருக்குப் போனப்ப மாமியார் பாத்துக்கிட்டாங்க. ரோஜாவுக்கு ஊத்துற புளிச்ச கழனித்தண்ணியையே இதுக்கும் தினம் ஊத்தியிருக்காங்க. வந்து பாத்தா வேர் மேல வழவழன்னு ஒரு படலம். நகத்தால கீறினா கஞ்சி ஏடு மாதிரி உரிஞ்சு வருது. நல்ல வேர்னா தண்ணி பட்டதும் வெள்ளை பச்சையாகும்ல? இது அசையவே இல்ல, பழுப்பாவே நிக்குது. அதே தண்ணி குடிச்ச ரோஜா கொத்துக்கொத்தா பூத்திருக்கு. அதைக் காட்டி "என் கைராசி"ங்கிறாங்க. நான் என்னத்த சொல்ல?

வில்லியனூர்:
மாமியாரை விடுங்க. எங்க வீட்ல வருஷக்கணக்கா கழனித்தண்ணிதான். முதல் கழுவல் கீழ போயிடும். ரெண்டாவது கழுவல், அன்னிக்கே, பத்து மடங்கு தண்ணி விட்டு. அப்புறம் நல்ல தண்ணில அலசிடுவேன். போன ஐப்பசில அடைமழை விட்ட மறுவாரம் மூணு தண்டுலயும் ஸ்பைக், அதாவது பூங்காம்பு. எதிர்வீட்டுக்காரர் மாடி ஏறி வந்து "என்ன உரம் சார்?"னு கேட்டப்ப கழனித்தண்ணின்னு பெருமையா சொல்லிட்டேன். அது மழையோட வேலையோன்னு இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கு.

கடலோரக்காரி:
மீனையும் வெல்லத்தையும் சேத்துப் புளிக்கவெச்ச மீன் அமிலம் தெளிச்சா வாண்டா ஆர்க்கிட் பிச்சுக்கிட்டுப் பூக்கும்னு நர்சரில சொல்லி ஒரு பாட்டில் கொடுத்தாங்க. சாயங்காலம் தெளிச்சோம். ராத்திரி ரெண்டு மணிக்குப் பால்கனில தடதடன்னு சத்தம். லைட்டைப் போட்டா பூனை ரெண்டு கால்ல நின்னு, தொங்குற வேரை இழுத்து இழுத்து நக்கிட்டு இருக்கு. என்னைப் பாத்தும் விடல. முழ நீள வேர் ஒடிஞ்சுது. அதுல இருக்கிற வெல்லத்துக்கு எறும்பு, எறும்பு பின்னாடியே மாவுப்பூச்சி. பூ? இன்னும் இல்ல.

சரவணம்பட்டி:
என் கதை சின்னது. வாழைப்பழத்தோல் ஊறவெச்ச பாட்டிலை என் தம்பி இறுக்கி மூடிட்டான். நடுச் சமையக்கட்டுல வெடிச்சு, கறை இன்னும் சீலிங்ல இருக்கு.

ஆனா வில்லியனூர் சொல்றதை ஏத்துக்க முடியல. பத்து மடங்கு தண்ணி விட்டு அப்புறம் அலசவும் செஞ்சா செடிக்கு என்னதான் மிஞ்சும்? ரோஜா தொட்டில மண்ணு இருக்கு. மண்ணுல இருக்கிற நுண்ணுயிர் இதையெல்லாம் சிதைச்சு வேர் உறிஞ்சுற தழைச்சத்தா மாத்தும். கரியிலயும் ஓட்டுச்சில்லுலயும் அந்தக் கூட்டம் ரொம்பக் குறைவு. மாவு அப்படியே வேர்ல படிஞ்சு காத்தை அடைக்கும். அம்பத்தூர்ல நடந்தது அதுதான். வாழைத்தோல்ல சாம்பல் சத்து கொஞ்சம் இறங்கும், தழைச்சத்து பேருக்குத்தான். பஞ்சகவ்யம் பயிருக்கு மூணு சதவீதம்னு சொல்வாங்க, ஆர்க்கிடுக்கு அதுலயும் பாதிக்குக் கீழ போங்க, வடிகட்டாம வேண்டாம். என்னைக் கேட்டா தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கிற 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருதடவை, மாசம் ஒருநாள் வெறும் தண்ணில நல்லா அலசல். காலைல ஊத்துங்க. ஃபலனாப்சிஸ் வகை ஆர்க்கிடுன்னா குருத்துல தண்ணி தேங்கவே கூடாது, அழுகிடும். டென்ட்ரோபியத்துக்குத் தழைச்சத்தை ஏத்தினா பூ வர்ற கணுவுல குட்டிச்செடிதான் வரும். பழுப்பு வேரை அழுத்திப் பாருங்க, பொதபொதன்னா வெட்டிட்டு வெட்டுவாய்ல சமையலுக்குப் போடுற லவங்கப்பட்டைத் தூள் தடவுங்க. நல்ல வேர்ல அந்தத் தூள் படவேண்டாம், காயவெச்சிடும்.

வில்லியனூர்:
சார், அரை கிராமை எந்தத் தராசுல நிறுப்பீங்க? பூ என் வீட்ல பூத்துச்சு, உங்க வீட்ல சீலிங்தான் பூத்திருக்கு.

கொடைரோடு:
சண்டைக்கு நடுவுல முட்டை ஓட்டை மறந்துட்டீங்க. எங்கம்மா ஒவ்வொரு தொட்டிலயும் பாதி ஓட்டைக் கவுத்து வெப்பாங்க. சுண்ணாம்புச் சத்து வெறும் தண்ணில கரையாதுன்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு. போன மாசம் தொட்டி மாத்தறப்ப பாத்தேன். ஓடு கரையல, உடையல. ஆனா ஒரு புது வேர் உள்ள புகுந்து, ஓட்டோட வளைவு முழுக்க ஒட்டிப் படர்ந்திருக்கு, நுனி பச்சைப்பசேல்னு. பிரிக்கப் பாத்தேன், வரல. ஓட்டோடயே புதுத் தொட்டில வெச்சுட்டேன். அது சத்துக்காகப் போச்சா, பிடிமானம் கிடைச்சுதுன்னு போச்சா? வினிகர்ல கரைச்சு ஊத்தினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. சரவணம்பட்டி சார், மூடியை லூசா வெச்சுட்டுச் சொல்லுங்க.